புல்தரை லாட்டரியா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர், 30 ஜூன் 2025

"அண்ணே, விம்பிள்டன் முதல் நாளே மெத்வதேவ் காலி. ரூனே ரெண்டு செட் முன்னால இருந்து தோத்துட்டார். படோசாவும் போயாச்சு. சிமெண்ட் தரையில இப்படி வரிசையா விழறதில்லையே? புல்தரை டென்னிஸ் வெறும் லாட்டரிதானே? இதுக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை, ஸ்ட்ராபெரி, இவ்வளவு பந்தா?"

30 ஜூன், திங்கள், இரவு 11.40

லாட்டரி இல்லை. லாட்டரியில் சீட்டு வாங்கினவனுக்கு அப்புறம் ஒரு வேலையும் கிடையாது. நிகோலாஸ் ஜாரி இன்று ரூனேயைச் சாய்க்க ஐந்து செட் ஓடியிருக்கிறார்: 4-6, 4-6, 7-5, 6-3, 6-4. அதுவும் லண்டனில் 32 டிகிரி தாண்டிய வெயிலில். விம்பிள்டன் தொடக்க நாளில் இவ்வளவு சூடு இதற்கு முன் பதிவானதில்லையாம். நாம் டர்பனில் குளிர் என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்த்தோம், அவர்கள் ஐஸ் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆடினார்கள்.

ஜாரி தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர். தரவரிசையில் 143. போன வாரமே ரோஹாம்ப்டன் புல்லில் மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார். விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரெஞ்சு ஓபன் முடிந்து விம்பிள்டன் தொடங்க மூன்றே வாரம். 2014 வரை இரண்டே வாரம்தான். மற்ற மாதமெல்லாம் சிமெண்டிலும் களிமண்ணிலும் சேர்த்த புள்ளிகளை வைத்து 32 பேருக்கு சீட் எண் (பலமானவர்கள் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாமல் பிரித்து வைக்கிற வரிசை எண்) கொடுக்கிறார்கள். ஆண்களுக்குப் புல்தரை ஆட்டங்களைத் தனியாகக் கணக்கில் எடுத்து எண்ணை மாற்றுகிற வழக்கம் 2019 வரை இருந்தது, 2021-லிருந்து அதுவும் இல்லை. கரும்பு வெட்டுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினவனை வாழைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, முதல் நாளே தார் எங்கே என்று கேட்கிற மாதிரி.

என் தீர்ப்பு: புல்லில் போதுமான ஆட்டம் ஆடாதவன் விழுகிறான். அவ்வளவுதான். தூங்கப் போகிறேன்.

பி.கு. ஸ்வெரெவ் ஆட்டம் ஒரு செட்டுக்கு ஒரு செட் என்று பாதியில் நிற்கிறது. என் மாமா அவர் மேல் 100 ரேண்ட் கட்டியிருக்கிறார். "நாளைக்கு அரை மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

1 ஜூலை, செவ்வாய், நள்ளிரவு நெருங்குகிறது

நேற்று எழுதினதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

ஜெசிகா பெகுலா, மூன்றாம் சீட். கோச்சியாரெட்டோ என்ற இத்தாலியப் பெண்ணிடம் 2-6, 3-6. தரவரிசையில் 116-ஆம் இடத்தில் இருப்பவர் அவர். ஆட்டம் 58 நிமிடம். நான் கடைக்குப் போய் ரொட்டியும் பாலும் வாங்கி, வழியில் ஒருவரோடு கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பினேன், முடிந்திருந்தது.

இதில் என் தீர்ப்புக்கு விழுந்த அடி என்னவென்றால், பெகுலா புல்லில் ஆடாதவர் இல்லை. மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, ஜெர்மனியின் பாட் ஹோம்பர்கில் புல்தரைக் கோப்பையே வாங்கினார். இறுதி ஆட்டத்தில் ஷ்வியான்டெக்கை 6-4, 7-5 என்று அடித்தார். ஆண்களிலும் அதே கதைதான். ஹாலே புல்தரைப் போட்டியை இந்த ஜூனில் ஜெயித்த பப்ளிக் முதல் சுற்றிலேயே ஐந்து செட்டில் அவுட். ஸ்வெரெவ் ஸ்டுட்கார்ட் புல்லில் இறுதி வரை போனவர். அவரும் இன்று ரிண்டர்க்னெச்சிடம் விழுந்தார். 7-6, 6-7, 6-3, 6-7, 6-4. இரண்டு நாளில் மொத்தம் 4 மணி 40 நிமிடம். மாமா சொன்ன அரை மணி நேரம்.

ஆக, "பயிற்சி போதவில்லை" என்ற என் தீர்ப்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

மற்றவை சுருக்கமாக: இரண்டாம் சீட் கோகோ காஃப், யாஸ்ட்ரெம்ஸ்காவிடம் 6-7, 1-6. ஐந்தாம் சீட் ஜெங் சின்வென், சினியாகோவாவிடம் மூன்று செட்டில். ஏழாம் சீட் முசெட்டி, பசிலாஷ்விலியிடம். ஆண்களில் 13, பெண்களில் 10, மொத்தம் 23 சீட் வீரர்கள் முதல் சுற்றிலேயே வெளியே. ஆண், பெண் இரு பட்டியலிலும் முதல் பத்தில் இருந்தவர்களில் எட்டுப் பேர் இரண்டாம் சுற்றைப் பார்க்கவில்லை. 32 சீட் என்ற முறை 2001-ல் விம்பிள்டனில் வந்ததிலிருந்து இதைவிட மோசமான முதல் சுற்று கிடையாது.

காஃப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் இதே விம்பிள்டன் முதல் சுற்றில் 15 வயதுப் பெண்ணாக, தகுதிச் சுற்றிலிருந்து வந்து, வீனஸ் வில்லியம்ஸை அடித்துத்தான் உலகத்துக்குத் தெரிய வந்தார். இன்று அவரே அடிவாங்கும் பக்கம். போன மாதம்தான் பாரிஸில் கோப்பையைத் தூக்கினார். பாரிஸில் ஜெயித்துவிட்டு உடனே இங்கே முதல் சுற்றில் போனவர்கள் ஓபன் காலத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-லிருந்து) அவருக்கு முன் இரண்டே பெண்கள்: 2005-ல் ஹெனின், 2010-ல் ஸ்கியாவோனே.

1 ஜூலை, அதே இரவு, பத்து நிமிடம் கழித்து

மாமா போன் பண்ணினார். "நீதானே ஸ்வெரெவ் ஆறடி ஆறங்குலம், சர்வ்லயே முடிச்சிடுவான்னு சொன்னே?" நான் சொல்லவே இல்லை. இனி சொல்லவும் மாட்டேன்.

2 ஜூலை, புதன், மதியம்

கடையில் கூட்டமில்லை, அதனால் இது கொஞ்சம் நீளும்.

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை புல்தரையில் டென்னிஸ் ஆடியிருக்கிறேன். 1995. எனக்கு 22 வயது. அதுவரை சாட்ஸ்வொர்த்தில் நகராட்சி போட்ட சிமெண்ட் கோர்ட்தான். நடுவில் ஒரு விரிசல், அதில் பட்டால் பந்து இடப்பக்கம் போகும், அது தெரிந்தவன்தான் அங்கே சாம்பியன். எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பழைய கிளப்பில் நட்பு ஆட்டம் என்று கூப்பிட்டபோது நாலு பேர் போனோம். சில வருஷம் முன்புவரை, நிறவெறிக் காலத்தில், நாங்கள் பந்து பொறுக்கக்கூட உள்ளே போக முடியாத இடம்.

ஜூன் மாதக் காலை. புல்லின் மேல் பனி வெள்ளையாக நிற்கிறது. வாசலிலேயே ஒருவர் என் ஷூவைத் திருப்பிப் பார்த்து, இந்த அடிப்பாகம் புல்லுக்கு ஆகாது என்றார். புல்தரை ஷூவின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரவல் ஷூ கொடுத்தார்கள், ஒரு சைஸ் பெரிசு. எனக்கு எதிரே வந்தவருக்கு 65 வயதாவது இருக்கும். முட்டியில் பட்டை. வணக்கம் சொல்லிவிட்டு மட்டையைக் கடைசல்காரர் உளி பிடிப்பது மாதிரி லேசாகப் பிடித்தார். சரி, பெரியவர், கொஞ்சம் மெதுவாக அடிப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பந்து. அவர் பேக்ஹேண்டில் கத்தி மாதிரி வெட்டி அனுப்பினார். சிமெண்டில் அந்த மாதிரிப் பந்து இடுப்புக்கு வரும். நான் இடுப்பு உயரத்தில் மட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறேன். பந்து தரையில் பட்டு, எழும்பாமல், பனி ஈரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு என் கணுக்காலைத் தாண்டிப் பின் வேலியில் போய் மோதியது. பந்தில் புல் ஒட்டியிருந்தது. இரண்டாவது பந்துக்குக் குனிந்தேன், இந்தத் தடவை அவர் அதே கையசைவில் வலைக்குப் பக்கத்தில் சொட்டு மாதிரி விட்டார். ஓடினேன். பெரிய ஷூ தனியாக ஓடியது, நான் தனியாக விழுந்தேன். 1-6, 2-6. மறுநாள் முட்டி மடக்க முடியவில்லை, அக்கா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

அந்தப் பெரியவர் என்னைவிட நல்ல ஆட்டக்காரர் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். சாட்ஸ்வொர்த் விரிசலுக்கு அவரைக் கூட்டிவந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் புல்லில் என் கையில் இருந்த நேரத்தை அவர் பிடுங்கிக்கொண்டார். பெரிய வீச்சு வீசுகிறவனுக்குப் பந்து எழும்பி வரும் அந்தக் கால் நொடி வேண்டும். அது கிடைக்காவிட்டால் வீச்சே பாரம்.

காஃப்பைப் பாருங்கள். ஃபோர்ஹேண்டுக்கு மட்டையை உள்ளங்கை அடியில் வருகிற மாதிரித் திருப்பிப் பிடிக்கிறார். தோள் உயரப் பந்துக்கு அது அருமை. முட்டிக்குக் கீழே வருகிற பந்தை அந்தப் பிடியில் தோண்டி எடுப்பது பெரும் பாடு. யாஸ்ட்ரெம்ஸ்கா தட்டையாக, வேகமாக அடிக்கிறவர், அவர் பந்து வலைக்குச் சற்று மேலே வந்து வழுக்கிக்கொண்டு போகிறது. கோச்சியாரெட்டோ நேற்று அடித்ததும் அப்படித்தான்.

இன்னொன்று. விம்பிள்டனில் புல்லை 8 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். 2001 வரை ரை புல்லோடு ஃபெஸ்க்யூ கலந்திருந்தது, அதற்கப்புறம் முழுக்க ரை. தரை உறுதியாகி, பந்து முன்பைவிட எழும்புகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் முதல் திங்கள், செவ்வாயில் அந்தப் புல் பச்சைப் பசேலென்று சாறோடு இருக்கும். கால் நிற்காது. 2021-ல் முதல் செவ்வாய்க்கிழமை சென்டர் கோர்ட்டில் ஃபெடரரை மிரட்டிக்கொண்டிருந்த மன்னாரினோ வழுக்கி விழுந்து வெளியேறினார். அதே கோர்ட்டில் அடுத்து வந்த செரீனாவும் கால் பிசகி, முதல் செட் முடியும் முன்பே அழுதுகொண்டே போனார். இரண்டாம் வாரத்தில் கோட்டருகே புல் தேய்ந்து மண் தெரியும், தரை காயும், பந்து நிமிர்ந்து வரும். அப்போது அது பெரிய சீட் ஆட்டக்காரர்களுக்குப் பழக்கமான தரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

2 ஜூலை, இரவு

நாலாம் சீட் பவோலினியும் போயாச்சு, ரகிமோவாவிடம். போன வருஷம் இறுதி வரை வந்தவர். பெண்களில் முதல் ஐந்து சீட்டில் மிச்சம் சபலென்கா ஒருவர்தான்.

3 ஜூலை, வியாழன்

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸ் வாசகர் கேட்கிறார்: இந்த வருஷம்தான் இப்படியா, முன்னாடியும் உண்டா? தாராளமாக உண்டு. எனக்குப் பிடித்தவை மட்டும்.

ஜூன் 26. இந்தத் தேதியைக் காலண்டரில் கறுப்பு மையால் வட்டம் போடலாம். 2002-ல் அது ஒரு புதன்கிழமை. ஏழு முறை சாம்பியன் சாம்ப்ராஸ், தகுதிச் சுற்றிலேயே தோற்று யாரோ விலகியதால் உள்ளே வந்த ஜார்ஜ் பாஸ்டல் என்ற 145-ஆம் நிலை ஆளிடம் ஐந்து செட்டில் தோற்றார். இடைவேளைகளில் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். டிவியில் பார்த்த எங்களுக்குச் சங்கடமாக இருந்தது, ஒரு மனிதரின் சட்டைப் பையில் கை விட்ட மாதிரி. அதே நாளில் அகாசி தாய்லாந்தின் பாரடோர்னிடம் நேர் செட்டில் காலி. சஃபினும் அன்றே.

பதினோரு வருஷம் கழித்து, 2013, மறுபடி ஜூன் 26, மறுபடி புதன். ஃபெடரர் 116-ஆம் நிலை ஸ்டாகோவ்ஸ்கியிடம் தோற்றார். தொடர்ந்து 36 கிராண்ட்ஸ்லாம் காலிறுதி கண்டவர், அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது. ஷரபோவா 131-ஆம் நிலை லார்ஷர் டி பிரிட்டோவிடம். அசரென்கா காயத்தால் இறங்கவே இல்லை. ஸோங்கா, சிலிச், இஸ்னர் என்று காயத்தில் விலகியவர்கள் தனி வரிசை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் நடால் முதல் சுற்றில் 135-ஆம் நிலை டார்சிஸிடம் போயிருந்தார்.

(ஸ்டாகோவ்ஸ்கி 116. கோச்சியாரெட்டோ 116. சீட் வீரர்கள் இந்த எண்ணைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பது நல்லது.)

நடப்பு சாம்பியன் முதல் சுற்றில் விழுவது இன்னும் அபூர்வம். 2003-ல் ஹெவிட், இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கார்லோவிச்சிடம். முதல் செட் 6-1 என்று ஜெயித்துவிட்டு! கார்லோவிச்சுக்கு அதுதான் முதல் கிராண்ட்ஸ்லாம் ஆட்டம். பெண்களில் 1994-ல் ஸ்டெஃபி கிராஃப், லோரி மெக்னீலிடம். அடுத்து போன வருஷம் வோன்ட்ரூசோவா, பூசாஸ் மனெய்ரோவிடம். பெண்களில் அந்த இருவர்தான்.

அப்புறம் நம் ஊர்க் கதை ஒன்று. பழைய 2-ஆம் கோர்ட்டுக்குச் சாம்பியன்களின் சுடுகாடு என்று பேர். சாம்ப்ராஸ் விழுந்ததும் அங்கேதான். 1983-ல் நடப்பு சாம்பியன் ஜிம்மி கானர்ஸை அதே கோர்ட்டில் நாலாம் சுற்றில் சாய்த்தவர் யார் தெரியுமா? கெவின் கரன். 33 ஏஸ், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வ். நம்ம டர்பன் ஆள்! 1985-ல் மெக்கன்ரோவையும் கானர்ஸையும் அடுத்தடுத்து நேர் செட்டில் அடித்து இறுதிக்குப் போய், அங்கே 17 வயதுப் பெக்கரிடம் தோற்றார்.

4 ஜூலை, வெள்ளி

திருத்தம் இரண்டு. ஒன்று சின்னது: 1985-ல் கரன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார், அந்த இறுதி ஆட்டத்தை ஆடியது அமெரிக்கராகத்தான்.

இரண்டாவது சின்னதில்லை. மாமா காலையிலேயே போன்.

"நம்ம டர்பன் ஆளுன்னு எழுதியிருக்கியாமே? 83-ல அவன் ஆடிப் பழகின கோர்ட்டுக்குள்ள உன்னை விட்டிருப்பானா?"

"மாமா, அவர் பிறந்த ஊரைச் சொன்னேன்."

"பிறந்த ஊரு எனக்குந்தான் டர்பன்."

பதில் சொல்ல முடியவில்லை. கரன் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை, அவர் மேல் குற்றமும் இல்லை. ஆனால் "நம்ம" என்று எழுதினபோது கை யோசிக்கவில்லை. மாமா எழுபதுகளில் மெரிபேங்க் பக்கம் மண் கோர்ட்டில் ஆடியவர், கோடுகளைச் சுண்ணாம்பால் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அவர் சொல்கிற பெயர் வேறு: ஹூசேன் போபட். டர்பன் பையன். 1971-ல் ஜூனியர் விம்பிள்டனில் ஆட இடம் கிடைத்து, இங்கே இருந்த வெள்ளையர் சங்கம் எதிர்த்ததால் அந்த இடம் பறிபோனது. முதல் சுற்று அதிர்ச்சி, இரண்டாம் சுற்று அதிர்ச்சி என்று நான் பட்டியல் போடுகிறேன். போபட்டைச் சுற்றுக்குள்ளேயே விடவில்லை.

அங்கிருந்து பேச்சு 1974-க்குப் போனது. டேவிஸ் கோப்பை இறுதியில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், நம் மெட்ராஸ் பிள்ளைகள், கோப்பை எட்டும் தூரத்தில். நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வருத்தம், அந்தப் பையன்களுக்கு இனி இப்படி ஒரு வாய்ப்பு வருமா என்று. தாத்தா ஆயாவைக் கூப்பிட்டு அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னாராம். இரண்டு பேரும் ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று மாமா சொல்கிறார். பாயசத்தை அப்பாவும் குடித்தார் என்பது ஆயா சொன்னது.

இப்போதைக்கு "நம்ம டர்பன் ஆள்" என்பதை "டர்பனில் பிறந்தவர்" என்று படித்துக்கொள்ளுங்கள்.

5 ஜூலை, சனி

இன்று டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். கிரேவில்லில் பாதி ஊர், டிவி முன்னால் மீதி ஊர். டென்னிஸ் பார்க்க ரிமோட் கிடைக்கவில்லை. மாமாவின் குதிரை 2200 மீட்டரில் முதல் 400 மீட்டர் பிரமாதமாக ஓடியது.

7 ஜூலை, திங்கள், இரவு

மறுபடி டென்னிஸுக்கு வருவோம். ரிண்டர்க்னெச், கோச்சியாரெட்டோ, யாஸ்ட்ரெம்ஸ்கா மூவரும் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு மூன்றாம் சுற்றில் போய்விட்டார்கள். யாஸ்ட்ரெம்ஸ்காவை அனுப்பியது பூசாஸ் மனெய்ரோ, போன வருஷம் சாம்பியனை முதல் சுற்றில் வீட்டுக்கு அனுப்பிய அதே பெண். ஜாரி மட்டும் நாலாம் சுற்று வரை வந்து, நேற்று நோரியிடம் ஐந்து செட்டில் தோற்றார்.

இது புதுசில்லை. நடாலை அடித்த டார்சிஸ் தோள்வலியால் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கவே முடியவில்லை. 2012-ல் நடாலை ஐந்தாம் செட்டில் சுட்டெரித்த ரோசோல் அடுத்த சுற்றிலேயே நேர் செட்டில் காலி. 2015-ல் நடாலைத் திணறடித்த டஸ்டின் பிரவுனும் அடுத்த சுற்றோடு சரி. ஸ்டாகோவ்ஸ்கியும் அப்படியே. விதிவிலக்கு உண்டு: கிராஃபை அடித்த மெக்னீல் அரையிறுதி வரை போனார். 1999-ல் முதல் சீட் ஹிங்கிஸை 6-2, 6-0 என்று அடித்த டோகிச், அப்போது 16 வயது, காலிறுதி வரை.

லாட்டரிக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார்: "பாத்தீங்களா, ஒரு நாள் சீட்டு விழுந்துது, அவ்வளவுதான்!" இருக்கலாம். ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பெரியவர் அன்று என்னை அடித்த கையோடு, எங்கள் கூட வந்த இன்னொரு பையனிடம் தோற்றார். அவன் ஸ்குவாஷ் ஆடுகிறவன், குட்டை வீச்சு, குனிந்தே நிற்பான். பெரியவர் வெட்டினதையெல்லாம் திருப்பி வெட்டினான். யார் யாரிடம் மாட்டுகிறார்கள் என்பதும் ஒரு கணக்கு.

நடந்ததை மட்டும் பேசுகிறோம், நடக்கவிருந்ததையும் கொஞ்சம் பேசலாம். இன்று டிமிட்ரோவ், முதல் சீட் சின்னருக்கு எதிராக 6-3, 7-5 முன்னிலை. மூன்றாம் செட்டில் சர்வ் போட்டுவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். தசை போய்விட்டது. சின்னர் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். பட்டியலில் இது சின்னரின் வெற்றி என்றுதான் நிற்கும். 1979-ல் இரண்டாம் சுற்றில் விஜய் அமிர்தராஜ், போர்கை இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் பிடித்து வைத்திருந்தார். நாலாம் செட் சமனாகி, அதை முடிவு செய்யும் டை-பிரேக் வரை போய்க் கைநழுவியது. போர்க் அந்த வருஷமும் சாம்பியன். அந்த டை-பிரேக்கைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார்.

12 ஜூலை, சனி, மாலை 6.15

5 மணிக்கு உட்கார்ந்தோம், ஆறுக்கு எழுந்துவிட்டோம். பெண்கள் இறுதி: ஷ்வியான்டெக் 6-0, 6-0 அனிசிமோவா. 57 நிமிடம். விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இப்படி ஒரு ஸ்கோர் 1911-க்குப் பிறகு இப்போதுதான். அடுப்பில் பிரியாணி இன்னும் தம்மில் இருக்கிறது.

அனிசிமோவா அழுததைப் பார்த்து மகள் டிவியை அணைக்கச் சொன்னாள். நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் 28, பாட் ஹோம்பர்க் புல்: பெகுலா, ஷ்வியான்டெக்கை நேர் செட்டில் அடிக்கிறார். மூன்று நாள் கழித்துப் பெகுலா 58 நிமிடத்தில் வெளியே. இரண்டு வாரம் கழித்து ஷ்வியான்டெக் 57 நிமிடத்தில் சாம்பியன்.

என் முதல் தீர்ப்பைப் பெகுலா உடைத்தார் என்று சொன்னேன் அல்லவா. இரண்டாவதை இன்று ஷ்வியான்டெக் உடைத்தார். அவரும் மட்டையைத் திருப்பிப் பிடித்து, பந்தைச் சுழற்றி எழுப்புகிற களிமண்காரர்தான். இதற்கு முன் இங்கே காலிறுதியைத் தாண்டியதில்லை. தட்டையாக அடிப்பவர் என்றால் அது அனிசிமோவா. என் கணக்குப்படி இன்று அவர் ஜெயித்திருக்க வேண்டும்.

மிச்சம் நிற்பது முதல் வாரப் புல், இரண்டாம் வாரப் புல் என்று சொன்னேனே, அது ஒன்றுதான். இன்று கேமரா கீழே இறங்கியபோது கோட்டுக்குப் பின்னால் புல்லே இல்லை, மாமாவின் மெரிபேங்க் கோர்ட் மாதிரி வெறும் மண். பந்து முட்டிக்கு மேல் வந்தது. ஷ்வியான்டெக்குக்கு அந்தக் கால் நொடி கிடைத்தது. இதே இறுதியை முதல் திங்கட்கிழமை ஆடியிருந்தால்? தெரியாது. லாட்டரிக்காரருக்கு அதுவரை ஒரு பாயின்ட் கொடுக்கிறேன், செட் கொடுக்க மாட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு, மதியம் 3

நம் நேரம் 5 மணிக்கு ஆண்கள் இறுதி. மாமா வந்துவிட்டார், நேற்று மிஞ்சின பிரியாணியைச் சூடு பண்ணச் சொல்கிறார். இந்தத் தடவை அல்காரஸ் மேல் 200 ரேண்ட் கட்டியிருக்கிறாராம். நான் சின்னர் பக்கம்.